பின் பொருந்தும், பேச்சு பொருந்தாது: பழைய பிஎஸ்2, டிவி கேமுக்கு மாற்றுக் கண்ட்ரோலர் தேடும்போது வரும் கோளாறுகள்

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். வார நாட்களில் எனக்கு வேறு வேலை. சனி, ஞாயிறு வந்தால் அந்த மேசைக்குப் பழைய வீடியோ கேம் பெட்டிகள் வந்து சேரும். ஜூன் கடைசியில் குளிர்கால விடுமுறை ஆரம்பித்துவிட்டால் இன்னும் அதிகம். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், அப்பாவுக்குத் தன் பழைய பெட்டியைக் காட்ட ஆசை வரும், அலமாரியின் மேல்தட்டிலிருந்து அது இறங்கும். பெட்டி ஓடும். கண்ட்ரோலர் மட்டும் ஓடாது.

சோனியின் பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பிஎஸ்2, வந்தது 2000-ல். 2013 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதற்குள் உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. அதனால் பெட்டிக்குப் பஞ்சமில்லை. நல்ல கண்ட்ரோலருக்குத்தான் பஞ்சம். அதைவிடப் பழையது, இந்த ஊர்க்காரர்கள் ‘டிவி கேம்’ என்று சொல்லும் கோல்டன் சைனா வகைப் பெட்டி. 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ விட்ட ஃபாமிகாமின் நகல் அது. 1990-களில் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் கண் விரியும்.

இந்த இரண்டு வகைப் பெட்டிகளிலும் நான் பார்த்த கோளாறுகளை, ஆட்கள் வந்து சொல்கிற வார்த்தையிலேயே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். உங்கள் பெட்டியில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் உள்ளே போய்விட்டது என்பதால் கண்ட்ரோலர் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. பின்னின் வடிவம் ஒரு விஷயம், அந்தப் பின்னில் எந்த வயரில் என்ன போகிறது என்பது வேறு விஷயம். இங்கே காசு வீணாவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தால்தான்.

“பிஎஸ்2 ஆன் ஆகிறது, ஆனால் எதை அழுத்தினாலும் அசைவில்லை”

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் மெமரி கார்டைக் கழற்றுங்கள். இரண்டு இருந்தால் இரண்டையும். மெமரி கார்டும் கண்ட்ரோலரும் ஒரே டேட்டா வயர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கார்டு கெட்டுப்போய் அந்த வயரைப் பிடித்து வைத்துக்கொண்டால் கண்ட்ரோலர் சொல்வது பெட்டிக்குப் போகாது. கார்டை உருவியதும் கண்ட்ரோலர் உயிர் பெறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குள் வீட்டுக்காரர் புதுக் கண்ட்ரோலருக்கு ஆர்டர் போட்டிருப்பார்.

அப்படியும் அசைவில்லை என்றால் அடுத்த போர்ட்டில் சொருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கண்ட்ரோலர் நல்லது, முதல் போர்ட்டில்தான் அழுக்கு. இரண்டிலும் வேலை செய்யவில்லை என்றால், அக்கம்பக்கத்தில் ஒரு கண்ட்ரோலரை இரவல் வாங்கிப் பாருங்கள். இரவல் கண்ட்ரோலரும் இரண்டு போர்ட்டிலும் ஊமையாக இருந்தால் கோளாறு பெட்டிக்குள். அதைக் கீழே ஃப்யூஸ் பற்றிய இடத்தில் சொல்கிறேன்.

போர்ட்டைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். மெரிபேங்க், பிளஃப், இசிபிங்கோ பக்கம், கடலுக்கு அருகில் இருக்கிற வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளின் பின்களைப் பார்த்தாலே தெரியும். பளபளப்பு போய் மங்கலாக, ஓரத்தில் பச்சை படிந்திருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, கண்ட்ரோலரைப் பத்துத் தடவை சொருகி எடுங்கள். மளிகைக் கடையில் விற்கும் நிறம் போட்ட மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம். காய்ந்த பிறகு பிசுக்கு விட்டுப் போகும். இதையெல்லாம் பெட்டியை அணைத்து, மின்சாரத்தை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

“அடாப்டர் வந்துவிட்டது, ஆனால் சொருக இடமே இல்லை”

உம்லாங்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மதுரைக்காரர், போன வருடம் வந்தார். மூன்று வாரம் காத்திருந்து ஒரு அடாப்டர் வாங்கியிருக்கிறார். “அண்ணே, பிஎஸ்2 அடாப்டர்னுதான் போட்டிருந்துச்சு. பாருங்க, எங்கேயும் போகவே மாட்டேங்குது.”

மேசை மேல் வைத்தார். கையடக்கமான கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் குட்டையான கேபிள், நுனியில் யுஎஸ்பி பிளக். மறுபக்கம் இரண்டு அகலமான ஓட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாக ஒன்பது பின்கள். அந்த ஓட்டைகள் பிஎஸ்2 பெட்டியின் முகத்தில் இருக்கும் ஓட்டைகளைப் போலவே இருந்தன. சிக்கலே அதுதான். அவர் வாங்கியது பழைய பிஎஸ்2 கண்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் சொருகும் அடாப்டர். அவருக்குத் தேவை புதுக் கண்ட்ரோலரைப் பழைய பெட்டியில் சொருகுவது. இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்றை மற்றதாக மாற்ற முடியாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சிப் ஒரு திசையில் மட்டுமே மொழிபெயர்க்கும்.

விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். பெட்டிக்குள் போக வேண்டிய முனை, உங்கள் பழைய கண்ட்ரோலரின் வால் நுனி எப்படி இருக்கிறதோ அப்படி இருக்க வேண்டும்: தட்டையாக, நீட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்பது சிறு துளைகளோடு. அந்த முனை படத்தில் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியும் சேரும், திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும்.

“யுஎஸ்பி கண்ட்ரோலரை பிஎஸ்2-ன் முன்னால் சொருகினேன், ஒன்றும் நடக்கவில்லை”

நடக்காது. பிஎஸ்2-ன் முகத்தில் இரண்டு யுஎஸ்பி ஓட்டைகள் இருப்பது உண்மை. ஆனால் அவை பொதுவான கண்ட்ரோலருக்காக வைத்தவை அல்ல. ஒரு யுஎஸ்பி பொருளை எப்படிக் கேட்பது என்பதை அந்தந்த விளையாட்டு டிஸ்க்கே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிரான் டூரிஸ்மோ 3, 4 போன்ற கார் விளையாட்டுகள் சில லாஜிடெக் ஸ்டீயரிங் வீல்களைக் கேட்கும். ஐடாய் கேமரா, பாட்டு விளையாட்டுகளின் மைக், கன்கான் 2 துப்பாக்கி, இப்படிக் குறிப்பிட்ட பொருட்கள் குறிப்பிட்ட டிஸ்க்குகளோடு மட்டும் வேலை செய்யும். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி கண்ட்ரோலரோ, பிஎஸ்3 கண்ட்ரோலரோ அங்கே சும்மா விளக்கு எரியும், அவ்வளவுதான். வீல் வாங்குபவர்களும் கவனியுங்கள்: உங்கள் விளையாட்டு அந்த வீலைப் பெயர் சொல்லி ஆதரிக்கிறதா என்று டிஸ்க் உறையின் பின்பக்கம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

“ப்ளூடூத் ரிசீவர் மின்னிக்கொண்டே இருக்கிறது, கண்ட்ரோலர் சேரமாட்டேன் என்கிறது”

இப்போதைக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் மாற்று வழி இதுதான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிஎஸ்4 அல்லது பிஎஸ்5 கண்ட்ரோலரை, பழைய போர்ட்டில் சொருகும் ப்ளூடூத் ரிசீவரோடு சேர்ப்பது. ப்ளூரெட்ரோ என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது, ஈஎஸ்பி32 சிப்பில் ஓடும். பிஎஸ்1, பிஎஸ்2 மட்டுமல்ல, நிறையப் பழைய பெட்டிகளைப் பேச வைக்கும். அதைப் போட்ட ரிசீவர்களைச் சிறு விற்பனையாளர்கள் செய்து விற்கிறார்கள். ஈயம் வைக்கத் தெரிந்தால் நாமே செய்யலாம். அப்படிச் செய்பவர்கள் முதல் தலைமுறை ஈஎஸ்பி32 பலகையையே வாங்குங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்3, சி3 என்று ஒட்டியிருக்கும் புதிய பலகைகளில் பழைய வகை ப்ளூடூத் கிடையாது. கண்ட்ரோலர்களில் பெரும்பாலானவை அந்தப் பழைய வகையில்தான் பேசுகின்றன.

சேரவில்லை என்றால் முதலில் கண்ட்ரோலரில் ப்ளூடூத் உண்டா என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-ன் வயர்லெஸ் கண்ட்ரோலரில் கிடையாது, அது தனக்கென வேறொரு ரேடியோவில் பேசுகிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு 2013-ல் வந்த முதல் கண்ட்ரோலரிலும் கிடையாது. 2016-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்த பிறகுதான் உண்டு. பார்வைக்கு ஒரு வித்தியாசம்: நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பகுதி மேல்புறத் தனி பிளாஸ்டிக்கோடு சேர்ந்திருந்தால் பழையது, முகத்தோடு ஒரே பிளாஸ்டிக்காக இருந்தால் புதியது.

ப்ளூடூத் உண்டு, ஆனாலும் சேரவில்லையா? அந்தக் கண்ட்ரோலர் வீட்டில் வேறு எதனோடோ ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பக்கத்து அறையில் பிஎஸ்4 தூங்கும் நிலையில் இருந்தால் அதை எழுப்பப் போய்விடும். பிஎஸ்4 கண்ட்ரோலரில் ஷேர் பட்டனையும் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள், விளக்கு வேகமாக இரட்டை இரட்டையாக மின்னும். அப்போதுதான் அது புது இடம் தேடுகிறது. பிஎஸ்3 கண்ட்ரோலர் இந்த வழிக்கு வராது. கம்ப்யூட்டரில் கேபிளில் சொருகி, ரிசீவரின் முகவரியை அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும்.

விலை குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கண்ட்ரோலர்கள் தங்கள் ரிசீவரோடேயே வரும். விட்டுவிட்டு வேலை செய்தால் வைஃபை ரவுட்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. ரவுட்டரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததும் சரியான வீடுகள் உண்டு.

“சில விளையாட்டில் மட்டும் வேலை செய்யவில்லை”

பிஎஸ்1 டிஸ்க் போட்டிருக்கிறீர்களா? கண்ட்ரோலர் நடுவில் அனலாக் என்ற பட்டன், அருகில் சிவப்பு விளக்கு. அதை அணையுங்கள். 1994-ல் வந்த முதல் பிஎஸ்1 கண்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் அனலாக் குச்சிகளே கிடையாது. குச்சிகள் வைத்த டூயல்ஷாக் கண்ட்ரோலர் 1997-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய விளையாட்டுகளுக்கு அனலாக் முறையில் பேசும் கண்ட்ரோலர் புரியாது, அங்கே ஒன்றுமே சொருகவில்லை என்று நினைத்துக்கொள்ளும். சில மலிவு வயர்லெஸ் கண்ட்ரோலர்களில் அந்த விளக்கை அணைக்கவே முடியாது. பழைய பிஎஸ்1 டிஸ்க் விளையாடுபவர்கள் அதை வாங்க வேண்டாம். இதற்கு நேர் எதிராக, 1999-ல் வந்த ஏப் எஸ்கேப் போன்ற ஆட்டத்துக்கு இரண்டு குச்சிகளும் கட்டாயம். அங்கே விளக்கு எரிந்தாக வேண்டும்.

இன்னொன்று நுட்பமானது, கவனிக்காமலே விட்டுவிடுவோம். பிஎஸ்2-ன் டூயல்ஷாக் 2-ல் முகத்தில் உள்ள பட்டன்களும் அம்புக்குறிகளும் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளந்து சொல்லும். 256 படிகள். கார் ஆட்டத்தில் எக்ஸ் பட்டனை லேசாக அழுத்தினால் மெதுவாக, அழுத்தி அமுக்கினால் வேகமாக. மாற்றுக் கண்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றில் இந்த அளவு கிடையாது, ஒன்று முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். வளைவில் கார் வழுக்கிக்கொண்டே போகிறது என்று ஒரு பையன் என்னிடம் வருத்தப்பட்டான். அவன் கையில் கோளாறு இல்லை, கண்ட்ரோலரில்தான். பிஎஸ்4 கண்ட்ரோலரின் முகப் பட்டன்களும் இதை அளக்காது. பிஎஸ்3-ன் டூயல்ஷாக் 3 அளக்கும். ரிசீவரும் அந்த அளவைக் கடத்தித் தர வேண்டும், வாங்கும் முன் விற்பவரிடம் இதைக் கேளுங்கள். ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போய் வேகத்தையும் பிரேக்கையும் வலது குச்சிக்கு மாற்ற முடிந்தால், காசு செலவில்லாமலே காரியம் முடியும்.

“கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது, பிஎஸ்2-ல் மட்டும் ஓடவில்லை”

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் அறிகுறியைக் கேட்டவுடனே எந்த வயர் என்று சொல்லிவிடலாம். பச்சை வயர்.

கண்ட்ரோலர் ஒவ்வொரு எழுத்தாகத் தகவல் அனுப்பும்போது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘கிடைத்தது, அடுத்ததைக் கேள்’ என்று ஒரு சிறு தட்டு தட்டும். அதற்கென்றே ஒன்பதாவது பின். பிஎஸ்1, பிஎஸ்2 இரண்டும் அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கும், வராவிட்டால் கைவிட்டுவிடும். ஆனால் கம்ப்யூட்டருக்கான பல மலிவு அடாப்டர்கள் அந்தத் தட்டைக் கேட்பதே இல்லை, நேரம் பார்த்து வாசித்துக்கொள்ளும். அதனால் ஒன்பதாவது வயர் அறுந்த கண்ட்ரோலர் அங்கே ஓடும், இங்கே ஓடாது.

சோனியின் சொந்த கேபிளில் நிறங்கள் இவை: பழுப்பு டேட்டா, ஆரஞ்சு கட்டளை, சாம்பல் அதிர்வு மோட்டாருக்கான ஏழு வோல்ட் சொச்சம், கறுப்பு கிரவுண்ட், சிவப்பு மூன்று வோல்ட் சொச்சம், மஞ்சள் அழைப்பு, நீலம் கிளாக், பச்சை அந்தத் தட்டு. வேறு கம்பெனி கேபிளில் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னாக ஓசை கேட்டுச் சரிபாருங்கள். எல்லாம் ஓடுகிறது, அதிர்வு மட்டும் இல்லை என்றால் சாம்பல் நிறத்தைப் பாருங்கள்.

“தொடாமலே நடக்கிறது”

ஒரே பக்கம் மெதுவாக நகர்ந்தால் குச்சி. விளையாட்டை ஆரம்பிக்கும்போது குச்சியைத் தொடாமல் கண்ட்ரோலரைக் கழற்றி மாட்டுங்கள், சிலது நடுவைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். போகவில்லை என்றால் திறந்து, குச்சியின் பக்கவாட்டில் உள்ள இரண்டு சிறு பச்சை அல்லது கறுப்புப் பெட்டிகளுக்குள் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, இருபது தடவை சுழற்றுங்கள்.

நகர்வது போதாதென்று மெனு திறக்கிறது, பட்டன்கள் தாமாக அமுங்குகின்றன என்றால் வேறு இடம். சில டூயல்ஷாக் 2-களிலும் பல டூயல்ஷாக் 3-களிலும் பட்டன்களுக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஓடுகிறது. அதன் நுனி பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்படவில்லை, ஒரு நுரைத் துண்டு அமுக்கிப் பிடித்திருக்கிறது. வயதானால் நுரை தட்டையாகிவிடும், பிடி தளரும். அந்த நுரையின் மேல் இரண்டு மூன்று மடிப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, படலத்தின் நுனியை ஆல்கஹாலால் துடைத்து, திருகுகளை இறுக்கினால் சரியாகிவிடும்.

“அழுத்தினால் தாமதமாகக் கேட்கிறது”

கண்ட்ரோலரை விட்டுவிட்டு டிவியைப் பாருங்கள். பெரிய எல்ஈடி டிவிகள் பழைய பெட்டியின் சிறிய படத்தைப் பெரிதாக்கி, மெருகூட்டிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்கின்றன. அமைப்புகளில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். யார் வீட்டிலாவது பழைய பெட்டி டிவி இருந்தால் அதில் போட்டுப் பார்ப்பது உறுதியான சோதனை. அங்கே தாமதம் போய்விட்டால் புதுக் கண்ட்ரோலர் வாங்கியும் பயனில்லை.

துப்பாக்கி கேட்கவில்லை என்றாலும் இதே கதைதான், ஆனால் அதற்கு கேம் மோடும் உதவாது. டிவி கேமோடு வந்த துப்பாக்கியும் பிஎஸ்1-ன் கன்கானும் பிஎஸ்2-ன் கன்கான் 2-வும் பழைய பிக்சர் டியூப் டிவிக்காகவே செய்தவை. திரையில் கோடு கோடாக ஓடும் ஒளிப்புள்ளியை அவை பிடிக்கின்றன. புது டிவியில் அந்தப் புள்ளியே இல்லை.

“நாலு பேர் விளையாட மல்டிடேப் வாங்கினேன், இரண்டு பேர்தான் வருகிறது”

மல்டிடேப் என்பது ஒரே போர்ட்டில் நாலு கண்ட்ரோலரைச் சொருக வைக்கும் பெட்டி. சாம்பல் நிற பிஎஸ்1 மல்டிடேப் பிஎஸ்2 ஆட்டங்களில் வேலை செய்யாது. மெலிந்த பிஎஸ்2-க்கு முகத்தின் வடிவம் வேறு, அதற்கென்று தனி மல்டிடேப் உண்டு.

“கரண்ட் போய் வந்தது, அதற்குப் பிறகு இரண்டு போர்ட்டும் போய்விட்டன”

முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் கடுமையாக இருந்த 2022, 2023-ல் இது அடிக்கடி என் மேசைக்கு வந்தது. படம் வருகிறது, டிஸ்க் சுற்றுகிறது, எந்தக் கண்ட்ரோலருக்கும் உயிரில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நசுங்கிய கேபிளோடு கண்ட்ரோலரைச் சொருகுபவர்களுக்கும் இதே நடக்கும். போர்ட்டுகளுக்குப் பின்னால் பலகையில் அரிசியைவிடச் சின்னதாக ஃப்யூஸ்கள் இருக்கின்றன. பக்கத்தில் பிஎஸ் என்ற எழுத்தோடு எண் அச்சாகியிருக்கும். மல்டிமீட்டரில் அதன் இரு முனையும் ஓசை தர வேண்டும். தரவில்லை என்றால் அதே அளவு ஃப்யூஸ் வைத்து மாற்ற வேண்டும். வயரால் இணைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃப்யூஸ் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அது இன்னும் அங்கேயே இருந்தால் அடுத்தது போவது பலகை.

தடித்த பிஎஸ்2-க்குள்ளேயே 230 வோல்ட் பவர் சப்ளை இருக்கிறது. மின்சாரத்தை எடுத்த பிறகும் அதன் கபாசிட்டர்களில் மின்னூட்டம் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம், தெரிந்தவர்களிடம் கொடுங்கள். மெலிந்த பிஎஸ்2-களில் பெரும்பாலானவை வெளியே தொங்கும் 8.5 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை, அவற்றைத் திறப்பதில் அந்தப் பயம் இல்லை.

“டிவி கேமில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாமும் ஓடுகிறது”

மெரிபேங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த தலைமுறை. துணிப்பையிலிருந்து ஒரு கோல்டன் சைனாவை எடுத்து மேசையில் வைத்தார். “ஏ பட்டனை அமுக்கினா ஆள் குதிக்கிறான், ஓடுறான், ஆட்டமும் நிக்குது. மத்த பட்டன் ஒண்ணும் கேக்கல, தம்பி. பேத்தி ஜோபர்க்லேருந்து வெள்ளிக்கிழமை வர்றா.”

“சரிங்க ஐயா, வயர்தான். பெட்டி நல்லா இருக்கு,” என்றேன், பெட்டியைத் திறக்காமலே. இந்த வகைக் கண்ட்ரோலர் எட்டுப் பட்டன்களின் நிலையையும் ஒரே வயரில் வரிசையாக அனுப்பும். பெட்டி முதலில் ‘பிடி’ என்று ஒரு தட்டு, அதற்கு லாட்ச் என்று பெயர். பிறகு ‘அடுத்தது, அடுத்தது’ என்று கிளாக் வயரில் தட்டிக்கொண்டே போகும். வரிசையில் முதலில் வருவது ஏ. கிளாக் வயர் அறுந்துவிட்டால் வரிசை நகராது. பெட்டி எட்டு முறை கேட்கும், எட்டு முறையும் ஏ பட்டனின் பதிலே வரும். ஏ அமுங்கியிருந்தால் எட்டும் அமுங்கியிருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

கண்ட்ரோலரைத் திறந்தேன். ஆறு சிறு திருகுகள், இரண்டு துருப்பிடித்து வழுக்கின. உள்ளே ஐந்து வயர்கள், எல்லாம் வெளியே பார்க்க முழுசாக இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக இழுத்தேன். நான்கு கம்பி மாதிரி விறைப்பாக நின்றன. ஒன்று மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. தோல் இருக்கிறது, உள்ளே செம்பு இல்லை. கேபிள் கண்ட்ரோலரை விட்டு வெளியே வளையும் இடத்தில், அரை விரல் நீளத்துக்கு உப்புக் காற்றில் செம்பு கறுத்து உதிர்ந்திருந்தது. அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஐந்தையும் புதிதாக உரித்து ஈயம் வைத்தேன். நாற்பது நிமிட வேலை.

கேபிள் முழுக்கவே கெட்டிருந்தால் மாற்றுக் கண்ட்ரோலர் தேட வேண்டும், இங்கேதான் கவனம். என் கைக்கு வந்த டிவி கேம்களில் பெரும்பாலானவற்றில் ஒன்பது பின் போர்ட் இருக்கிறது. சேகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற பழைய பெட்டியின் கண்ட்ரோலரும் ஒன்பது பின், அச்சு அசலாக அதே பிளக், கச்சிதமாக உள்ளே போகும். வேலை செய்யாது. மெகா டிரைவில் ஐந்து வோல்ட் வருவது ஐந்தாவது பின்னில். டிவி கேமில் வழக்கமாக 2 டேட்டா, 3 லாட்ச், 4 கிளாக், 6 ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட். அதாவது சேகா கண்ட்ரோலரின் சிப்புக்கு மின்சாரம் வர வேண்டிய இடத்தில் வராது, வரக் கூடாத இடத்தில் ஐந்து வோல்ட் ஏறும். கண்ட்ரோலரே போய்விடக்கூடும்.

நகல் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, அதனால் மேலே உள்ள எண்களையும் உங்கள் பெட்டியில் அளந்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். பெட்டியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை டிவிக்குப் போகும் சாக்கெட்டின் வெளி உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டு ஐந்து வோல்ட் எங்கே என்று கண்டுபிடியுங்கள். இரண்டு பின்களை ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது.

பிறகு எந்தக் கண்ட்ரோலர்? அதே ஒன்பது பின் நகல் கண்ட்ரோலர் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. பழைய பொருள் வாங்கி விற்கும் கேஷ் க்ரூசேடர்ஸ் மாதிரிக் கடைகளில் வயர் குவியலைக் கிளறினாலும் சில சமயம் அகப்படும். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் ஒரு சனிக்கிழமை காலையில், தரையில் விரித்த சாமான்களுக்கு நடுவே எனக்கு இரண்டு கிடைத்தன. அதுவும் இல்லையென்றால் ஃபாமிகாமின் வெளிநாட்டு வடிவமான அசல் நிண்டெண்டோ என்இஎஸ் பெட்டியின் கண்ட்ரோலர். பிளக் முற்றிலும் வேறு வடிவம், ஆனால் உள்ளே அதே ஐந்து வயர், அதே மொழி. பழைய கேபிளின் பிளக்கை வெட்டி இதில் சேர்த்தால் போதும்.

சூப்பர் நிண்டெண்டோ கண்ட்ரோலரும் இதே மொழியைத்தான் பேசுகிறது, வரிசையில் பட்டன்கள் கூடுதல், அவ்வளவே. பெட்டி முதல் எட்டை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதன் பி பட்டன் நமக்கு ஏ ஆகிவிடும், ஒய் பட்டன் பி ஆகிவிடும். அம்புக்குறி, ஸ்டார்ட், செலக்ட் எல்லாம் அப்படியே. கைக்கு வாகாகவும் இருக்கும். பேத்திக்கு இரண்டாவது கண்ட்ரோலராக அந்தப் பெரியவருக்கு இப்படித்தான் ஒன்று செய்து கொடுத்தேன். ஆனால் சூப்பர் நிண்டெண்டோ வடிவில் யுஎஸ்பி வாலோடு விற்கும் மலிவுக் கண்ட்ரோலரை வாங்கி வெட்டாதீர்கள். உருவம்தான் அது, உள்ளே பேசுவது யுஎஸ்பி.

வேலை முடிந்ததும் எந்த நிற வயரை எந்தப் பின்னில் சேர்த்தீர்கள் என்று ஒரு காகித டேப்பில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, கண்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் ஒட்டி மூடுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது திறப்பார்கள்.